விமான மடற்காட்டியும் நமது அறிவியற் பேச்சும்

2025ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி அகமதாபாத்திலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்ட எயார் இந்தியா விமானம், ஓடுபாதையை விட்டெழுந்து ஒரு நிமிடமும் ஆகுமுன்னர் மருத்துவக் கல்லூரி விடுதியொன்றின்மீது வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். நிலத்திலிருந்தோரிலும் 19 பேர் மாண்டனர். அன்று மாலை மட்டக்களப்பு வாவிக்கரையிற் கூடிநின்று கைத்தொலைபேசித் திரையைப் பார்த்தவர்களிடமிருந்து என் செவியில் விழுந்த தீர்ப்பு ஒன்றே: "பிளப்பை இறக்க மறந்துவிட்டார்கள்." மறுநாள் வளாகத்து உணவகத்திலும் அதே தீர்ப்பு. காணொளியிற் பேசிய தமிழ் வல்லுநர் ஒருவர் விமானத்தின் இறக்கையை வட்டமிட்டுக் காட்டி, "பாருங்கள், ஒன்றும் தொங்கவில்லை" என்றாராம். பௌதிகவியல் பயின்றோரும் தலையசைத்தனர்.

ஒரு மாதம் கழித்து, யூலை 12ஆந் திகதி, இந்திய விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்தின் முதனிலை அறிக்கை வெளிவந்தது. எரிந்த விமானியறையில் மடற்பிடி 5 என்னும் நிலையில் உறுதியாக அமர்ந்திருக்கக் காணப்பட்டது என்றும், அஃது எழுகைக்கு உரிய வழமையான நிலையே என்றும் அவ்வறிக்கை கூறியது. எரிபொருள் ஆளிகள் இரண்டும் ஒரு செக்கன் இடைவெளியில் நிறுத்து நிலைக்குச் சென்றன என்பதே அதில் உலகை உலுக்கிய செய்தி. அவை எவ்வாறு அந்நிலைக்குச் சென்றன என்பதை அவ்வறிக்கை முடிவு செய்யவில்லை. அது நிற்க. யூன் மாதத்தில் என்னெதிரே தீர்ப்பு வழங்கியோருள் ஒருவராவது யூலை மாதத்தில் அதனை மீட்டுக்கொள்ள நான் கேட்டிலேன். எரிந்துபோன இரு மனிதர்மீது தமிழிற் சுமத்திய பழி தமிழில் இறக்கப்படவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இதுவே.

இதனைச் சிறிய விடயம் என்போர் உளர். "விமானம் பற்றி நமக்கென்ன? நாம் ஓட்டுகிறோமா?" என்பர். ஆனால் தீர்ப்புக் கூறும்போது இவ்வினா எவர்க்கும் எழவில்லை. ஒரு கருவியின் குறியை வாசிக்கத் தெரியாமை குற்றமன்று. தெரியாமலே அதன் பெயரைக் கொண்டு பேசத் துணிதலே குற்றம். அத்துணிவை நமக்கு ஊட்டியது எது என்பதை ஆராய வேண்டும். அதற்குமுன் அக்குறி என்ன கூறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையேல் நானும் அத்தீர்ப்பாளருள் ஒருவனாவேன்.

விமான இறக்கையின் பின்விளிம்பிற் பொருத்தப்பட்டு, பின்னோக்கி நகர்ந்து கீழ்நோக்கிச் சாயும் பாகத்தையே பிளப் என்கின்றனர். முன்விளிம்பில் அவ்வாறே வெளிநீளும் வேறு பாகமும் உண்டு. முன்னதைப் பின்மடல் என்றும், மற்றதை முன்மடல் என்றும் இக்கட்டுரையளவில் அழைக்கிறேன். காது மடலும் தாழை மடலும் நம் வழக்கில் இருப்பவையாதலின் இச்சொல் இடறாது. வேறு நல்ல சொல் கிடைப்பின் அதனை ஏற்பேன், சொல்லுக்காக நான் சண்டையிடப் போவதில்லை. இறக்கை தரும் உயர்த்துவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடிக் குறைவது. வேகம் பாதியானால் விசை காற்பங்காகும். எழும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாதலின், இறக்கையின் வளைவையும் பரப்பையும் கூட்டி அக்குறையை ஈடுசெய்ய வேண்டும். அதற்கே மடல்கள். எழும்போது சிறிதளவு போதும், மிகுந்தால் இழுவை கூடி ஏற்றத்தைக் கெடுக்கும். இறங்கும்போதோ இழுவையும் வேண்டப்படுவதாதலின் முழுமையும் இறக்கப்படும்.

இங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றியது. புதூர்–திமிலதீவுப் பக்கத்து ஓடுபாதையை அறியாதார் மட்டக்களப்பில் இலர். 1958இல் திறக்கப்பட்டு, 1983இல் விமானப்படையின் கைக்குப் போய், 2018இல் மீண்டும் பொதுமக்கள் போக்குவரத்துக்கு விடப்பட்டது அது. அங்கு வந்துபோன செஸ்னா கரவன் என்னும் சிறுவிமானம் வாவியின்மேல் தாழ்ந்து இறங்குகையில் பின்மடல் முழுதும் தொங்குவதை வலைவீசி நிற்பவரும் காணலாம். விமானத்தின் மடல் என்றால் தொங்குவது என்று நம் கண் பழகிவிட்டது. அகமதாபாத்தில் எழுந்த பெருவிமானத்திலோ நிலை 5. தூரத்திலிருந்து எடுத்த மங்கலான காணொளியில் அது தெரிவது அரிது. இறங்கும் விமானத்திற் கண்டதை எழும் விமானத்தில் தேடி, காணாமையால் இல்லை என்று முடிவுகட்டினோம். தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகிவிட்டன.

இனிக் குறிகள். மேற்கூறிய கரவன் விமானத்தில் மடற்பிடியின் அருகே 10, 20, 30 என்று காணப்படுபவை உண்மையான பாகைகள். எயார் சிலோன் நிறுவனம் ஒருகாலத்தில் வைத்திருந்த டக்கோட்டா விமானத்திலோ மடலின் அளவைக் கால், அரை, முக்கால், முழுமை என்றே கணக்கிட்டனர். கொத்தும் மரைக்காலும் கொண்டு நெல்லளந்த நம் முன்னோர்க்கு அம்முகப்பை எவரும் விளக்க வேண்டியிருந்திராது. பெருவிமானங்களுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. போயிங் 737 இன் முகப்பில் 1, 2, 5, 10, 15, 25, 30, 40 என்று எண்கள் உள. இவற்றைப் பாகை என்றே பலரும் கொள்வர். அலுவலறிக்கைகளும் வழக்கம்பற்றி அவ்வாறு எழுதுவதுண்டு. உண்மையில் அவை நிலைகளின் பெயர்கள். போயிங் 777 இல் பிடியை 1 இல் வைத்தால் பின்மடல் சற்றும் இறங்காது. முன்மடல் மட்டுமே வெளிவரும். அங்கு '1' என்பதை ஒரு பாகை என்று வாசிப்பவன், இறங்காத ஒன்றை இறங்கியதாகவும் வெளிவந்த ஒன்றை வராததாகவும் வாசிக்கிறான்.

ஸ்ரீலங்கன் நிறுவனத்தார் பறக்கவிடும் எயார்பஸ் வகையில் இது இன்னும் நுட்பமானது. அங்கே 0, 1, 2, 3, முழுமை என ஐந்தே நிலைகள். A320 விமானத்தில் '2' எனின் பின்மடல் 15 பாகை; '3' எனின் 20 பாகை. இரண்டிலிருந்து மூன்றுக்கு ஐந்து பாகையே கூட, மூன்றிலிருந்து முழுமைக்கோ 15 பாகையேனும் பாய்கிறது. '1' என்பதன் கதை வேறு. நிலத்தில் நின்று எழுமுன் பிடியை 1 இல் வைத்தால் முன்மடலும் வரும், பின்மடலும் 10 பாகை இறங்கும். திரையில் '1+எஃப்' என்று காட்டும். வானிற் பறந்து வந்து, இறங்குவதற்காக அதே பிடியை அதே 1 இல் வைத்தால் முன்மடல் மட்டும் வரும். திரையில் வெறும் '1'. பிடி ஒன்று, பள்ளம் ஒன்று, பொருள் இரண்டு. விமானம் எந்நிலையில் உள்ளது என்பதைச் சேர்த்து வாசித்தாலன்றி அக்குறிக்குப் பொருளில்லை. ஒரு சொல்லின் பொருளை இடம் நோக்கிக் கொள்க என்று இலக்கணம் பயின்ற நமக்கு இது புதுமையன்று.

இன்னும் இரண்டு சொல்லி இப்பகுதியை முடிக்கிறேன். வட்ட முகப்பில் முள் ஒன்றன்று, இரண்டு. ஒன்று இடப்பக்க இறக்கைக்கு, மற்றது வலப்பக்கத்துக்கு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நகரும்வரை பார்ப்பவனுக்கு ஒரே முள்ளாகவே தோன்றும். பிரிந்து தோன்றினால் ஒரு பக்க மடல் பின்தங்கிற்று என்று பொருள்; விமானம் ஒருபுறம் சாயும் அபாயம் அது. அன்றியும் ஒவ்வொரு நிலைக்கும் மீறக்கூடாத வேகமொன்று விமானியின் கண்முன்னே எழுதப்பட்டிருக்கும். 737-800 இல் 5 எனின் 250 நொட், 40 எனின் 162 நொட். ஆகவே அந்த எண்ணை வாசிப்பவன் கோணத்தை மட்டும் வாசிப்பதில்லை, தனக்கு அனுமதிக்கப்பட்ட வேகத்தையும் உடன் வாசிக்கிறான்.

இவ்வளவையும் நான் எழுதியது தமிழில். ஆங்கிலம் அறியாத ஒருவர் பொறுமையோடு வாசித்தால் விளங்காத பகுதி இதில் அதிகமில்லை என நம்புகிறேன். அங்ஙனமாயின் இதனை ஏன் எவரும் நமக்குச் சொல்லவில்லை?

இரு திறத்தார்மீது குற்றஞ்சாட்டுகிறேன். முதலாந் திறத்தார் சொல்லாக்கத்தோடு கடன் தீர்ந்தது என்று எண்ணுவோர். கருத்தரங்கொன்றில், விமானவியற் சொற்களுக்குத் தனித்தமிழ் ஈடுகள் நிறைந்த பட்டியலொன்றைப் பெருமிதத்தோடு வாசித்த அறிஞர் ஒருவரிடம், "மடலை ஏன் இறக்குகிறார்கள்?" என்று மாணவியொருத்தி வினவினாள். "அது பொறியியலாரின் வேலை" என்றார் அவர். அவை கைதட்டியது. சொல்லைப் பெற்ற அம்மாணவி பொருளைப் பெறவில்லை. அறியாத ஒன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டால் அறிந்துவிட்டோம் என்ற மயக்கம் பிறக்கிறது. வாவிக்கரையில் நான் கேட்ட தீர்ப்பு அம்மயக்கத்தின் பிள்ளையே. "பிளப்" என்ற சொல் கையிலிருந்தமையாற்றான் அவர்களுக்கு அத்துணிவு வந்தது. சொல்லே தெரியாதிருந்தால் "என்ன நடந்ததோ" என்று நிறுத்தியிருப்பர்.

இத்திறத்தார் தமக்குத் துணையாக விபுலாநந்த அடிகளை அழைப்பது வழக்கம். காரைதீவிற் பிறந்த அடிகள் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார் என்பது மெய். ஆனால் அடிகள் விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்றவர், கற்பித்தவர். யாழுக்கு அவர் செய்தது என்ன? நரம்புகளுக்குப் பெயர்ப்பட்டியல் தந்துவிட்டு எழுந்து போனாரா? 1947இல் வெளிவந்த யாழ் நூலைத் திறந்து பார்ப்போர் கணக்கைக் காண்பர். சுருதிகளுக்கிடையே உள்ள விகிதங்களை எண்ணாற் கண்டு, அழிந்துபோன கருவியின் இயக்கத்தை மீட்க முயன்ற உழைப்பைக் காண்பர். அக்கணக்கில் உடன்படாதோர் உளர். உடன்படாமைக்கும் அங்கே இடமுண்டு, ஏனெனில் கணக்குக் கண்முன்னே கிடக்கிறது. பட்டியலோடு உடன்படாதிருக்க வழியேது? அடிகளின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டவர்கள் நாம். அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவை இல்லையேல் நானும் என்னையொத்தோரும் தாய்மொழியில் விஞ்ஞானம் கற்றிருக்க இயலாது. அந்நன்றியை மறவேன். ஆயின் அச்சொற்களைக் கொண்டு எழுதப்பட வேண்டிய நூல்கள் எங்கே?

இரண்டாந் திறத்தார் இதற்கு நேரெதிர். "வான்போக்குவரத்தின் மொழி ஆங்கிலம், விமானி ஆங்கிலத்திற் கற்கிறான், ஆங்கிலத்திற் பேசுகிறான், தமிழில் இதனை எழுதுவது வீண்" என்பர். விமானியைப் பற்றி இவர்கள் சொல்வது சரியே. ஆனால் தமிழில் எழுதுவது விமானிக்காக அன்று. பயணிக்காக, இறந்தோரின் உறவினர்க்காக, நாளிதழ் வாசிப்பவர்க்காக, தீர்ப்பு வழங்கும் நமக்காக. ஒரு சமுதாயம் தான் பேசும் மொழியில்தான் பழி சுமத்துகிறது, வதந்தி பரப்புகிறது, ஒப்பாரி வைக்கிறது. பழி தமிழிற் பரவலாம், அதனைத் தீர்க்கும் அறிவு மட்டும் ஆங்கிலத்தில் இருக்கலாம் என்பது எந்த நீதி? இத்திறத்தார் தம் வீட்டிலும் விபத்தைப் பற்றித் தமிழிலேயே பேசினர் என்பதை நான் அறிவேன்.

நம் மக்களுக்குக் குறியை வாசிக்கும் ஆற்றல் இல்லை என்பாரும் உளர். அவர்கள் உன்னிச்சைக்குச் சென்று வரட்டும். அங்கே அணையருகே அடிக்கணக்குத் தீட்டிய அளவுகோல் நிற்கிறது. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் அவ்வடிக்கணக்கை வைத்தே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாகிறது. அக்கூட்டத்தில் அமரும் வட்டவிதானையிடம், "மேலே ஓரடியும் கீழே ஓரடியும் ஒன்றா?" என்று கேளுங்கள். சிரிப்பார். குளம் தட்டுப்போல் விரிந்தது. மேலே ஓரடி குறைந்தால் போகும் நீர் வேறு, அடியில் ஓரடி குறைந்தால் போகும் நீர் வேறு. அளவுகோலின் எண் நீரின் அளவன்று. நீர்மட்டம் நிற்கும் இடத்தின் பெயர். அவ்விடத்துக்கு எவ்வளவு நீர் என்பது அவர் மனத்தில் இருக்கும் அட்டவணை. வான்கதவை எவ்வளவு திறப்பது என்பதும் அவ்வாறே. ஒரே திறப்பு, குளம் நிரம்பியிருக்கையில் ஓர் ஓட்டம், வற்றியிருக்கையில் வேறோர் ஓட்டம். எயார்பஸின் '1'க்கு இரு பொருள் உண்டென்பதை இவர்க்கு விளக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். பட்டதாரி ஒருவர்க்கு விளக்க அரைமணி வேண்டியிருந்தது. வட்டவிதானை எண்ணைக் கண்டால் அதன் பின்னே என்ன நிற்கிறது என்று கேட்பவர். பட்டதாரியோ எண்ணைக் கண்டால் பரீட்சைத்தாளில் எழுதுபவர்.

இது கடுமையாகத் தோன்றலாம். இதனிற் கடுமையான சான்றொன்று மட்ரிட் நகரில் உண்டு. 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆந் திகதி ஸ்பான்எயார் நிறுவனத்தின் எம்.டி. 82 விமானம் அங்கே எழ முயன்று வீழ்ந்தது. 154 பேர் மாண்டனர். உண்மையாகவே மடல் இறக்கப்படாமையால் நேர்ந்த விபத்து அது. எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. ஆனால் விமானியறையின் ஒலிப்பதிவில், எழுமுன் ஓதவேண்டிய இறுதிச் சரிபார்ப்பில் துணைவிமானி மடலுக்கு உரிய எண்ணைச் சொல்கிறார்: பதினொன்று. இருக்கவேண்டிய எண் அதுதான். காட்டி அதனைக் காட்டவில்லை. கண் முகப்பைப் பார்க்கவில்லை. வாய் நினைவிலிருந்ததை ஒப்புவித்தது.

பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2023 ஜனவரி 15ஆந் திகதி, நேபாளத்தின் பொக்காராவில் எட்டி நிறுவனத்தின் ஏ.ரி.ஆர். 72 விமானம் இறங்குகையில், "மடல் 30" என்றார் ஒருவர். "மடல் 30" என்று விடையளித்தார் மற்றவர். அவர் கை நகர்த்தியதோ மடற்பிடியை அன்று. அருகிருந்த, சுழலிகளை ஆளும் பிடிகளை. சுழலிகள் காற்றைத் தள்ளுவதை நிறுத்தின. அக்கணத்தில் மடல் சற்றும் அசையவில்லை என்பதைப் பறப்புப் பதிவுக்கருவி காட்டிற்று. 72 பேர் மாண்டனர். 30 என்று சொல்லப்பட்டது, 30 பார்க்கப்படவில்லை.

இவர்களைப் பழிக்க இதனை எழுதவில்லை. களைப்பும் அவசரமும் பழக்கமும் எவரையும் இவ்வாறு செய்விக்கும். அதனாலேயே விமானத்துறை இவ்விபத்துகளை ஆராய்ந்து தன் முறைகளைத் திருத்துகிறது. நாம் திருத்துகிறோமா? நம் விஞ்ஞானக் கல்வி முழுவதும் பதினொன்று என்று ஒப்புவிக்கும் கல்வியாக அல்லவா இருக்கிறது? கடந்தகால வினாத்தாள்களின் விடைகளை மனனஞ்செய்து, வினாவின் முதல் வரியைக் கண்டதும் விடையை எழுதும் மாணவன், முகப்பைப் பாராமலே எண்ணைச் சொன்னவனே. பாயிகள் பற்றிய அலகில் உயர்தர வகுப்பில் முழுப்புள்ளி பெற்று வந்தோரும் அந்த யூன் மாதத்தில் "ஒன்றும் தொங்கவில்லை" என்பதற்குத் தலையசைத்தனரே. உயர்த்துவிசைக்குச் சமன்பாடு எழுதத் தெரிந்தவர்க்கு, எழுகைக்கு மடல் சிறிதே வேண்டும் என்று தோன்றாமற் போனது எவ்வாறு? சமன்பாடு அவர்களுக்கு ஒரு காட்டியாகப் பயன்படவில்லை, ஓதும் மந்திரமாகவே இருந்தது.

1981இல் வந்தாறுமூலையில் இப்பகுதிக்கு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி கிடைத்து, 1986இல் அது பல்கலைக்கழகமாயிற்று. அக்காலந்தொட்டு இப்பிரதேசத்தைப் பற்றி வெளிவந்த மலர்களை நான் புரட்டியதுண்டு. பாடும் மீனைப் பற்றிய கட்டுரைகள் நிறைய உள. அம்மீன்கள் இன்னும் பாடுக. எனக்கு அவற்றோடு பகையில்லை. ஆனால் வாவிக்கரையிலேயே கிடக்கும் ஓடுபாதை எத்திசையில் அமைந்தது, ஏன் அவ்வாறு, கச்சான் காற்றுக்கும் வாடைக்காற்றுக்கும் அதனோடு உள்ள தொடர்பு என்ன என்று ஒரு கட்டுரையும் என் கண்ணிற் படவில்லை. தமிழ்ச் சங்க மலரில் இதற்கு இடமுண்டா என்று கேட்பர். தமிழ்ச் சங்க மலரில் இல்லையேல் வேறெங்கே? விஞ்ஞான பீடத்தார் ஆங்கிலத்தில் ஆய்விதழுக்கு எழுதுகின்றனர். அவர்களுடைய பதவியுயர்வு அதில் தங்கியுள்ளது. தமிழில் எழுதினால் புள்ளியில்லை. ஆகவே தமிழில் எழுதும் கடமை புள்ளி வேண்டாதாரிடமே வந்து சேர்கிறது. நானும் அத்தகையோருள் ஒருவன், பௌதிகவியலாளன் அல்லேன். மேலே எழுதியவற்றுள் பிழை காண்போர் அதனைத் தமிழில் எழுதித் திருத்துவாராயின் இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.

அடுத்த மலருக்குப் பொருள் தேடுவோர்க்கு ஒன்று தருகிறேன். 1979ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி சிக்காகோவில் டி.சி. 10 விமானமொன்றின் இடப்பக்க எந்திரம், எழும்போதே பெயர்ந்து வீழ்ந்தது. குழாய்கள் அறுந்தமையால் அப்பக்க முன்மடலின் ஒருபகுதி உள்ளே ஒடுங்கிற்று. மற்றப் பக்கம் வெளியே நின்றது. அவ்வேறுபாட்டை விமானிக்குக் காட்டவேண்டிய விளக்குக்கு மின்னூட்டிய எந்திரமோ பெயர்ந்து போன அதே எந்திரம். விளக்கு எரியவில்லை. 273 பேர் மாண்டனர். எரியாத விளக்கு எதனைக் குறிக்கிறது: எல்லாம் நலம் என்பதையா, விளக்கே இறந்துவிட்டது என்பதையா? இதனை நாலு பக்கத்தில், படம் வரைந்து, உன்னிச்சை வட்டவிதானைக்கு விளங்குமாறு ஒருவர் எழுதட்டும். எழுதுபவர் விஞ்ஞான மாணவராயின் மொழியைப் பார்த்துத்தரத் தமிழ் பயில்வோர் இருக்கின்றனர்; தமிழ் மாணவராயின் கணக்கைப் பார்த்துத்தர விஞ்ஞான பீடம் நடைதூரத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் பிரதியை முதலில் வட்டவிதானையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு மலர்க்குழுவிடம் தருக.